பெர்ரியில் படித்த 59 அத்தியாயங்கள்

எங்கள் அலுவலகத்தின் மூத்த குமாஸ்தா 2016ஆம் ஆண்டின் கடைசியில் பணி ஓய்வு பெற்றார். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் லைட் தெருவில் இருக்கும் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள சிறிய வழக்கறிஞர் அலுவலகம் எங்களுடையது. அங்கே அவர் 31 ஆண்டுகள் இருந்தார். பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவது எப்படி, கோபமாக வரும் கட்சிக்காரரை உட்கார வைப்பது எப்படி என்று எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிரிவுபசார நாளில் வாசித்துக் கொடுக்க வேண்டிய ஆங்கிலப் பாராட்டுக் கடிதத்தை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். அவருடைய உழைப்பு எவ்வளவு பெரியது என்று சொல்ல ஒரு கனமான சொல் தேவைப்பட்டது. என்னிடம் அப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள் என்று எண்ணூறு சொற்கள் எழுதி வைத்திருந்தேன். அதில் 'எனார்மிட்டி' என்ற சொல்லுக்கு நேரே 'மிகப் பெரிய தன்மை' என்று எழுதியிருந்தது. எடுத்துப் போட்டேன்.

எங்கள் வழக்கறிஞர் மேடம் கடிதத்தைப் படித்தார். அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்.

"பட்டியலில் படித்தேன், மேடம்."

"இது கொடுமையின் அளவைச் சொல்வதற்கான சொல், அம்மா. பெரிய குற்றம் நடந்தால் தீர்ப்பில் எழுதுவார்கள். கவனமாக எழுதுகிறவர்கள் நல்ல காரியத்துக்கு இதைப் போடமாட்டார்கள்."

கடிதத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஆனால் என்னை வளர்த்துவிட்ட மனிதரின் 31 ஆண்டு உழைப்பைக் கொடுமை என்று எழுதிய கை என் கை. அன்று இரவு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். மட்டத்துக்குள் அடங்காமல் மீறிப் போனது எதுவோ அதைக் குறிக்கப் பிறந்த சொல் அது. தமிழில் 'பெரு' என்ற வேரிலிருந்து பெருமை வந்தது. ஆங்கிலத்திலோ அளவை மீறியது என்ற கருத்து கொடுமையின் பக்கம் சாய்ந்துவிட்டது. என் பட்டியல் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பட்டியலில் ஒரு சொல் தனியாக நிற்கிறது. அதை யார் சொன்னார்கள், யாரைப் பார்த்துச் சொன்னார்கள், சொன்னபோது முகம் எப்படி இருந்தது என்பது அங்கே இல்லை.

நான் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எங்கள் காலத்தில் மூன்றாம் ஆண்டில்தான் ஆங்கிலம் தொடங்கும். ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வை முடித்துப் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, பிறகு இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவம் போனேன். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். அலுவலகக் கடிதங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கான முயட் ஆங்கிலத் தேர்வு எழுதியபோது வாசிப்புத் தாளில் மாட்டிக்கொண்டேன். அப்போது மொத்தம் 300 புள்ளிகளில் 120 வாசிப்புக்குத்தான். பேண்ட் 3 என்ற தரம்தான் கிடைத்தது. அந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் எண்ணூறு சொல் நோட்டு.

"பட்டியலை மூடி வை. வழக்கறிஞரும் குமாஸ்தாவும் வருகிற ஒரு நாவல் இருக்கிறது, அதைப் படி" என்றார் மேடம். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'.

பினாங்கு ரோட்டில் சவுரஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கூரை வரை அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே ஒருவர்தான் போய்வர முடியும். கடைக்காரர் ஓர் அடுக்கின் நடுவிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவிக் கொடுத்தார். 6 வெள்ளி. புரட்டிப் பார்த்தேன். முதல் இருபது பக்கம் பழுப்பேறி, ஓரம் மடங்கி, பேனாக் கிறுக்கல்களோடு இருந்தது. அதற்குப் பிறகு கை படாத தாள்.

"எத்தனை கை மாறினாலும் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அம்மா" என்றார் பாய்.

நானும் அங்கேதான் நின்றேன். முதல் முயற்சியில் ஒன்பது பக்கம். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, அகராதியைப் பிரித்து, பொருளை எழுதி, மீண்டும் வரியின் தொடக்கத்துக்கு வந்து படித்தேன். மூன்று மாலைகளில் எழுபது சொற்கள் சேர்ந்தன. கதை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு சிறுவன், ஒரு கல்லறைத் தோட்டம் என்பதற்கு மேல் என்னால் சொல்லியிருக்க முடியாது. புத்தகம் ஓர் ஆண்டு அலமாரியில் கிடந்தது.

அதை மறுபடியும் எடுக்க வைத்தது ஒரு கணக்கு. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் சொற்கல்வியை நெடுங்காலம் ஆராய்ந்த பால் நேஷன் என்ற பேராசிரியர், ஒரு நூலைப் பிறர் உதவியில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல். முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. நான் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணினேன். பதினெட்டு இருந்தது. மூன்று மடங்கு சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்திருக்கிறேன். என் அறிவில் குறை என்று ஓராண்டாக நினைத்திருந்தது உண்மையில் சுமையின் கணக்கு.

புத்தகத்தை மாற்றியிருக்கலாம். முதன்முதலாக ஆங்கில நாவல் படிக்க நினைப்பவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். பக்கத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் இடறினால் வேறு நாவல் எடுங்கள், அதில் எந்த வெட்கமும் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. அதனால் அதே கதையின் எளிமையாக்கப்பட்ட சிறு பதிப்பை நூலகத்தில் இரவல் வாங்கி இரண்டு வாரத்தில் முடித்தேன். யார் யார், எங்கே போகிறார்கள், யார் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். முடிவு தெரிந்தால் ரசிக்க முடியாது என்பார்கள். என் அனுபவம் அப்படியில்லை. அடுத்து என்ன என்ற பதற்றம் போனபின், அதை எந்தச் சொல்லால் சொல்கிறார் என்று பார்க்க மனத்துக்கு இடம் கிடைத்தது.

2018 மார்ச் மாதம் இரண்டாம் முறை தொடங்கினேன். அப்போது பழைய பெரிய பெர்ரிப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக 1 வெள்ளி 20 காசு. திரும்பி வரக் கட்டணம் இல்லை. கடலைக் கடக்க இருபது நிமிடம். காலையில் இருபது, மாலையில் இருபது. பெர்ரியில் அகராதி கிடையாது, கைப்பேசி பைக்குள் இருக்கும், கையில் ஒரு பென்சில் மட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். தெரியாத சொல் வந்தால் அதன் கீழே ஒரு புள்ளி. நிற்கக் கூடாது. வாக்கியம் முடிந்து, பத்தி முடிந்து, கதை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதே சொல் மறுபடி வந்தால் மறுபடி ஒரு புள்ளி. மூன்றாவது புள்ளி விழுந்த சொல்லை மட்டும் வீட்டுக்குப் போய் அகராதியில் பார்த்தேன். மூன்று முறை எதிரில் வந்து நிற்கும் ஆளிடம் பெயர் கேட்காமல் போவது மரியாதையில்லை அல்லவா? ஒரே ஒரு முறை வந்து போகிற சொல்லை அதன் வழியில் விட்டுவிடலாம். 'கனூபியல்' என்று ஒரு சொல் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. திருமண வாழ்க்கை தொடர்பான என்று பொருள். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கடிதத்திலும் எனக்கு அது தேவைப்படவில்லை.

இந்த விதிக்கு நானே ஒரு விலக்கு வைத்திருந்தேன். ஒரு காட்சி மனத்தில் அப்படியே பதிந்து, அதன் நடுவில் ஒரு சொல் மட்டும் திறக்காத கதவாக நின்றால், அதற்கு மூன்று புள்ளி வரை காத்திருக்கவில்லை. அப்படித்தான் 'ட்ரென்சன்ட்' என்ற சொல் எனக்குக் கிடைத்தது.

கதையின் நாயகன் பிப் தாய் தந்தை இல்லாத சிறுவன். அக்காள் வளர்க்கிறாள், அவள் கணவர் ஜோ ஒரு கொல்லர். அக்காள் ரொட்டி வெட்டும் விதத்தை டிக்கன்ஸ் ஒரு பத்தி முழுக்க எழுதுகிறார். ரொட்டியை இடது கையால் மார்போடு இறுக்கி அழுத்திக்கொள்வாள். அவள் மேலங்கியில் குத்தி வைத்திருக்கும் குண்டூசியோ தையல் ஊசியோ சில நேரம் ரொட்டிக்குள் போய்ப் பிறகு அவர்கள் வாய்க்குள் வரும். கத்தியில் கொஞ்சமாக வெண்ணெய் எடுத்து, மருந்துக்காரர் பற்றுப் போடுவதுபோலத் தடவி, தடித்த துண்டாக அறுத்து, அதை இரண்டாக்கி, ஜோவுக்கு ஒன்று, பிப்புக்கு ஒன்று கொடுப்பாள். அந்த முழுச் செயலுக்கும் டிக்கன்ஸ் முதலில் வைக்கும் அடைமொழிதான் 'ட்ரென்சன்ட்'.

படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்த முகம் எங்கள் பாட்டியின் முகம். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆறு பேர். மாலையில் பெங்காலி ரொட்டி வரும். பாட்டி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்தியைத் தன்னை நோக்கி இழுத்து வெட்டுவார். பார்க்கிற எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கயா என்ற தேங்காய்ப்பால் ஜாமை ஒரே இழுப்பில் தடவுவார். ஆறு துண்டும் ஒரே அளவாக இருக்கும். இன்னொன்று என்று கேட்க யாருக்கும் வாய் வராது. பாட்டியின் பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் வெட்டுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். மண்ணை வெட்டிய பதுங்குகுழிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ட்ரெஞ்ச்' அதன் உடன்பிறப்பு. இன்று பெரும்பாலும் கூர்மையான, சுற்றி வளைக்காத விமர்சனத்துக்கு அடைமொழியாக வருகிறது. நான் எந்தப் பொருளையும் மனப்பாடம் செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் வந்தபோது, பாட்டி கத்தியோடு நின்றார். அந்த விமர்சனம் எப்படிப்பட்டது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அதன் பிறகு நோட்டுப் புத்தகத்தின் வடிவத்தை மாற்றினேன். இடது, வலது என்ற இரண்டு பத்திகளை விட்டுவிட்டேன். ஒரு சொல்லுக்கு மூன்று வரி. முதல் வரியில் அந்தச் சொல் வந்த வாக்கியம், புத்தகத்தில் உள்ளபடியே. இரண்டாவது வரியில் யார், யாரைப் பற்றி, எந்த நிலைமையில். மூன்றாவது வரியில், இதே இடத்தில் எங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால் தமிழில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது. 'கேப்ரிஷியஸ்' என்ற சொல்லின் இரண்டாவது வரியில், "அக்காளைப் பற்றி பிப், அடிக்கிறவளைப் பற்றி அடி வாங்குகிறவன்" என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரி: "வேளைக்கு ஒரு குணம்". இப்படி எழுதியதால்தான் ஒன்று புரிந்தது. அந்தச் சொல்லை மேலே இருக்கிறவர்கள்மேல்தான் கீழே இருக்கிறவர்கள் பெரும்பாலும் போடுகிறார்கள். காரணம் சொல்லாமல் ஆளை வேலையிலிருந்து நீக்கிய வழக்கு ஒன்றின் வாதுரையில் முதலாளியின் முடிவைப் பற்றி அதே சொல் வந்தபோது, தட்டச்சு செய்துகொண்டிருந்த என் கை ஒரு கணம் நின்றது. அது பிப் அழுத அழுகை.

மூன்றாவது வரியைத் தமிழில் எழுதுவதைப் பலர் தவறு என்பார்கள். ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், தாய்மொழியை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்று எனக்கும் பள்ளியில் சொன்னார்கள். இதை நான் ஏற்கவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். கோபம், கூச்சம், பாசாங்கு, நன்றி எல்லாவற்றையும் நாங்கள் முதலில் தமிழில்தான் அறிந்தோம். அந்த அறிவோடு ஆங்கிலச் சொல்லைக் கட்டினால் அது உடம்பில் ஒட்டுகிறது. அகராதித் தமிழுக்கு இந்த வேலை ஆகாது என்பது மட்டும் உண்மை. 'நிலையற்ற மனப்போக்குடைய' என்று எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

இதற்குப் பெரிய சான்று எட்டாம் அத்தியாயத்தில் வரும் சீட்டாட்டம். மிஸ் ஹாவிஷம் என்ற பணக்கார மூதாட்டியின் வீட்டுக்கு பிப் போகிறான். திருமண நாளில் ஏமாற்றப்பட்ட அவள் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் எட்டு நாற்பதில் நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் பெர்ரியிலிருந்து இறங்கி, விக்டோரியா மகாராணி நினைவாகக் கட்டிய 60 அடி மணிக்கூண்டைக் கடக்கும் நேரமும் ஏறத்தாழ அதுதான். அந்த வாரம் முழுக்க மணிக்கூண்டை நிமிர்ந்து பார்க்காமல் என்னால் போக முடியவில்லை. அந்த வீட்டில் எஸ்டெல்லா என்ற சிறுமி பிப்புடன் சீட்டு விளையாடுகிறாள். ஒரு சீட்டை பிப் 'ஜாக்' என்கிறான். உயர்ந்த வீட்டுப் பேச்சில் அதற்கு 'நேவ்' என்று பெயர். ஆட்டம் முடிவதற்குள் எஸ்டெல்லா அவனைக் கேவலமாகப் பார்த்து, இந்தப் பையன் நேவை ஜாக் என்கிறானே என்கிறாள். அடுத்து அவன் கைகளைப் பார்த்துச் சொல்லும் சொல் 'கோர்ஸ்', அதாவது சொரசொரப்பான, முரட்டுத்தனமான. அதுவரை தன் கையைப் பற்றி ஒன்றுமே நினைக்காத சிறுவன், அன்று முதல் தன் கையைப் பார்த்து வெட்கப்படுகிறான்.

நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். முதலாம் படிவத்தில் நான் ஒரு சொல்லை உச்சரித்தபோது வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எந்தச் சொல் என்று இன்றும் நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஐந்தாம் படிவம் வரை கேட்டால் ஒழிய நான் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதற்காக ஒரு பிள்ளை எவ்வளவு சுருங்கிப் போகும் என்பதை, 1861இல் எழுதி முடித்த ஒரு கதையில், கடல் நடுவே, பத்து பேருக்கு மத்தியில் உட்கார்ந்து படித்தேன். சொற்களைத் தேடிப் போன புத்தகம் என் கதையாக மாறியது அந்த இடத்தில்தான்.

'நேவ்' என்ற சொல்லை அன்று மாலையே தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சிறுவன் என்றுதான் பொருள். பிறகு வேலைக்காரப் பையன் என்றாகி, கடைசியில் அயோக்கியன் என்று ஆகிவிட்டது. தமிழில் பையனும் பயலும் ஒரே குடும்பத்துச் சொற்கள். 'அந்தப் பயலை நம்பாதே' என்கிறோம். இரண்டு மொழியிலும் ஏழைச் சிறுவனுக்கு ஒரே கதி நேர்ந்திருக்கிறது. என் நோட்டில் அந்தச் சொல்லின் மூன்றாவது வரியில் 'பயல்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது.

வேறு சில தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவலில் படிக்காதவர்கள் பேசும்போது அவர்கள் நாக்கில் வரும்படியே டிக்கன்ஸ் எழுதுவார். தப்பி வந்த கைதி சிறுவனிடம் 'விட்டில்ஸ்' கேட்கிறான். அவன் சொல்லும் எழுத்துக்கூட்டலை எந்த அகராதியிலும் காணாமல் தவித்தேன். இத்தகைய இடங்களில் அகராதி உதவாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். உணவு என்ற பொருள் தரும் அந்தச் சொல்லை முறையான ஆங்கிலத்தில் இன்னும் நாலைந்து எழுத்து வேறுபடுத்தி எழுதினாலும், உச்சரிப்பு கைதி சொன்னதற்கு மிக அருகில்தான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இந்த இடைவெளிக்காகவே லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிநூலைச் சனிக்கிழமைகளில் கேட்டேன். நூலின் மூலமும் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாக இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டியதே இல்லை.

இதைவிட ஆபத்தானவை நமக்குத் தெரியும் என்று நினைக்கும் சொற்கள். அவற்றின் கீழே புள்ளியே விழாது. 'பிரசென்ட்லி' என்றால் தற்போது என்றுதான் நான் அலுவலகத்தில் எழுதி வந்தேன். டிக்கன்ஸிடம் அது சற்று நேரத்தில் என்று பொருள்படுகிறது. பல பக்கங்கள் காட்சியின் வரிசையைக் குழப்பிக்கொண்டு படித்திருக்கிறேன். 'வாண்ட்' என்றால் விரும்புவது என்று ஒன்றாம் பாடத்திலேயே படித்தோம். அதற்கு இல்லாமை என்ற பழைய பொருள் இருப்பது நாவலில்தான் உறைத்தது. வழக்கைத் தொடர்ந்து நடத்தாததால் தள்ளுபடி என்பதை நீதிமன்ற ஆங்கிலத்தில் 'வாண்ட் ஆஃப் ப்ராசிக்யூஷன்' என்பார்கள். ஒன்பது ஆண்டுகள் அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் உள்ள 'வாண்ட்' என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிந்தும் பொருள் விளங்காவிட்டால், மிக எளிய சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

ஒருநாள் உற்சாகத்தில் நாவலில் கற்ற சொல் ஒன்றை ஒரு கோரிக்கைக் கடிதத்தில் போட்டேன். மேடம் சிரிக்கவில்லை, "இது நூற்றைம்பது வயதான சொல். இந்த வாரச் செய்தித்தாளில் இது வந்திருக்கிறதா பார். வந்திருந்தால் போடு, வராவிட்டால் படித்து மகிழ்ந்து வைத்துக்கொள்" என்றார். அது முதல் நோட்டில் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் சிறு கட்டம் ஒன்று வைத்தேன். இன்றைய எழுத்தில் அந்தச் சொல்லைக் கண்ணால் கண்டால் மட்டுமே கட்டத்தில் குறி போடுவேன். 'ட்ரென்சன்ட்', 'கேப்ரிஷியஸ்' இரண்டுக்கும் குறி விழுந்துவிட்டது. ஏறத்தாழ பாதிச் சொற்களுக்கு இன்னும் விழவில்லை. அவை எனக்கு நஷ்டமில்லை, ஆனால் கடிதத்துக்கு வரக்கூடாது.

இனி அந்தக் குமாஸ்தா. அவர் பெயர் வெம்மிக். லண்டனில் ஜாகர்ஸ் என்ற வழக்கறிஞரிடம் வேலை. ஜாகர்ஸ் கட்சிக்காரர்கள் போனதும் வாசனைச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவர். வெம்மிக்கின் வாயை டிக்கன்ஸ் தபால் பெட்டியின் துளைக்கு ஒப்பிடுகிறார், அவ்வளவு இறுக்கம். ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் வேறு மனிதர். சிறு வீட்டைக் கோட்டைபோலக் கட்டி, சுற்றி அகழி வெட்டி, அதன்மேல் ஒரு பலகைப் பாலம் போட்டு, காது கேளாத வயதான தந்தையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். தந்தை கேட்டு மகிழ்வதற்காகவே இரவு ஒன்பது மணிக்குப் பீரங்கி ஒன்றை வெடிக்கிறார். மறுநாள் காலை அலுவலகத்தை நோக்கி நடக்க நடக்க முகம் படிப்படியாகக் காய்ந்து, வாய் மறுபடியும் தபால் துளையாகிவிடுகிறது.

அந்த அத்தியாயத்தை நான் மாலைப் பெர்ரியில் படித்தேன். மேல்தளத்தில் காற்று. கொம்தார் கட்டடம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. காலையில் நான் ஆங்கிலத்தில் வாயைக் கட்டிக்கொண்டு இறங்குவதும், மாலையில் படகுத்துறையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் தமிழில் வாய் திறப்பதும் எனக்கு நினைவு வந்தன. வெம்மிக்குக்கு அகழி. எனக்குப் பினாங்கு நீரிணை. அந்த அத்தியாயத்தில் நான் வைத்த புள்ளிகள் மொத்தம் ஐந்து. முதல் அத்தியாயத்தில் நாற்பதுக்கு மேல். ஆசிரியர் மாறவில்லை, மொழி எளிதாகவில்லை. ஒருவருடைய நடை நமக்குப் பழகப் பழக அவருடைய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எட்டுப் புத்தகத்தில் எட்டு அத்தியாயம் படிப்பதைவிட ஒருவரோடு கடைசி வரை போவதில் இந்த லாபம் இருக்கிறது.

நவம்பர் மாதம் 59ஆம் அத்தியாயத்தை முடித்தேன். டிக்கன்ஸ் இதை வாரத் தொடராக 1860 டிசம்பரில் தொடங்கி 1861 ஆகஸ்டில் முடித்தார். அக்கால வாசகர்களுக்கும் ஏறத்தாழ எட்டு மாதம் பிடித்திருக்கிறது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தமிழ் நேசன் நாளிதழ் வந்ததும் தொடர்கதைப் பக்கத்தை முதலில் உருவிக்கொண்டு போகும் என் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "பிறகு ஒரே மூச்சில் படித்தால் என்ன கிடைக்கும்?" என்றார். நாளுக்கு நாற்பது நிமிடம் போதும் என்பதற்கு அம்மாவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

2019இல் மறுபடியும் முயட் எழுதினேன். பேண்ட் 4. ஏற்றம் வாசிப்பிலும் எழுத்திலும்தான். பேச்சுத் தாளில் பழைய நிலையே. நாவல் படித்தால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். அதற்காக இப்போது அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் புதிதாகச் சேர்ந்த சீனப் பெண்ணோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறேன். தவறு வந்தால் வருகிறது.

அந்தப் புத்தகம் இப்போது அண்ணன் மகளிடம் இருக்கிறது. இரண்டாம் படிவம் படிக்கிறாள். அவளும் தமிழ்ப்பள்ளிதான். சென்ற வாரம் போனபோது மேசையில் அது விரிந்து கிடந்தது, பக்கத்தில் ஓர் அழிப்பான்.

"அத்தை, உங்கள் புள்ளிகளை அழிக்கட்டுமா? எனக்குத் தெரிந்த சொல்லுக்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள். கண் அங்கேயே போகிறது."

அழித்துக்கொள் என்றேன். எட்டாம் அத்தியாயத்தில் இருந்தாள். 'கோர்ஸ்' என்ற சொல்லின் கீழே நான் அழுத்தி வைத்திருந்த புள்ளி போகவில்லை, இரண்டு முறை தேய்த்தாள். பிறகு தாளை ஊதிவிட்டு, அதே பக்கத்தில் நான் தொடாத ஒரு சொல்லின் கீழே தன் பென்சிலால் சின்னதாக ஒன்று வைத்தாள்.